உல்லாஸ் நதிக்கரையில் ஒரு மாலைப் பொழுது

மும்பையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால், அவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். கேட்வே ஆஃப் இந்தியா, மகாலட்சுமி கோயில், சித்தி விநாயகர், ஹாஜி அலி, மாலையில் சௌபாத்தியில் பேல்பூரி. மூன்றாம் நாள் விருந்தாளிக்குக் கால் வீங்கிவிடும். லோக்கல் வண்டிக் கூட்டத்தில் அவர்களைத் தொலைத்துவிடாமல் ஏற்றி இறக்குவதற்குள் நமக்கும் பாதி உயிர் போய்விடும். ஊர் திரும்பியதும் அவர்கள் சொல்லுவது ஒன்றுதான்: "என்னா கூட்டம்! எப்படித்தான் அங்கே காலந் தள்ளுறாங்களோ!" இத்தனை வருடம் நாம் இங்கே வாழ்ந்ததற்கு அவ்வளவுதான் சான்றிதழ்.

2018-ல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டேன். வருகிறவர்களுக்குக் காலில் தெம்பிருந்தால் கர்ஜத் பக்கம் கூட்டிப் போகிறேன். கல்யாணிலிருந்து லோக்கலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கொண்டானே குகைகளுக்குப் போகும் சாலையில் சென்றால், ஒரு பக்கம் ராஜ்மாச்சி மலை, எதிர்ப் பக்கம் போர்காட் ரயில் பாதை ஏறும் மலை, இரண்டுக்கும் நடுவில் உல்லாஸ் ஆறு. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் என்னோடு வேலை பார்த்த முகாதம் ஒருவர் இருக்கிறார். கேங்மேன்களுக்குத் தலைவரை மத்திய ரயில்வேயில் முகாதம் என்றுதான் அழைப்பார்கள். மலைப் பகுதியில் நான் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், மழைக்கால இரவுகளில் அவரோடு லாந்தரைப் பிடித்துக்கொண்டு பாறை விழுந்திருக்கிறதா என்று பார்த்து நடந்ததுண்டு. மழை கொஞ்சம் விட்டால் அவர் கீழே இருட்டில் கையை நீட்டி, "அதோ, அது என் வீட்டு விளக்கு, சாஹேப்" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவேன்.

2024 ஜனவரியில் என் நண்பர்கள் இருவர் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் வந்தார்கள். இருவரும் 1979-ல் மதுரையில் என்னோடு டிப்ளமா முடித்தவர்கள். கோயம்புத்தூர் நண்பரும் அவர் மனைவியும் ஷீர்டி போய்விட்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். சின்னமனூர் நண்பர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் புனேயில் மகள் வீட்டில் ஒரு மாதமாக இருந்தார்கள். அவர் போனில் சொன்னது: "மாப்ளே, எங்கிட்டாவது மண்ணுல நடக்குற இடமாக் கூட்டிட்டுப் போடா. பதினோராவது மாடியில இருந்து கீழ பாத்துப் பாத்து மண்ணே மறந்து போச்சு."

விஷயம் அது மட்டுமல்ல என்று என் மனைவி சொன்னாள். பெண்களுக்குள் இந்தச் செய்திகள் முன்னதாகவே போய்விடுகின்றன. ஒரே மகள்; அப்பாவும் அம்மாவும் நிரந்தரமாகப் புனேக்கே வந்துவிட வேண்டும் என்கிறாள். சின்னமனூர் வீட்டை விற்று, அந்தப் பணத்தையும் போட்டு மூன்று பெட்ரூம் ஃபிளாட்டாக வாங்கிவிடலாம் என்பது யோசனை. வீட்டுக்கு ஒருவர் அட்வான்சும் கொடுத்துவிட்டார். பிப்ரவரி முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும். பேரனை விட்டுப் போக அந்த அம்மாளுக்கு மனமில்லை. வீட்டை விட்டு வர நண்பருக்கு மனமில்லை. இருவரும் இதைப் பற்றிப் பேசிப் பேசி, இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள், சனிக்கிழமை. புனேயிலிருந்து காலை எக்ஸ்பிரஸில் அவர்கள் மலையிறங்கி வந்தார்கள். நாங்கள் நால்வரும் கல்யாணிலிருந்து போய்ச் சேர்ந்தோம். கர்ஜத் ஸ்டேஷனை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் நம் வண்டிகள் இந்த மலையில் ஏறித்தான் புனே, சோலாப்பூர் வழியாகத் தெற்கே போகின்றன. இங்கே வண்டியின் பின்னால் பேங்கர் என்ஜின் மாட்டும் நேரத்தில் வடா பாவ் வாங்காத தமிழ்க் குடும்பம் உண்டா? எனக்குத் தெரிந்து கிடையாது. நாங்களும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏறினோம்.

மூன்று மணிக்கு முகாதம் வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கினோம். ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர் இருக்கும். அறுபதைத் தாண்டிய ஆறு ஜோடி முழங்கால்கள் என்பதால் குகைகளுக்கு ஏறும் யோசனையை முதலிலேயே விட்டுவிட்டோம். 2000 வருடத்துக்கு மேல் பழமையான பௌத்த குகைகள் அவை, மலைச்சரிவில் இருக்கின்றன. இளைஞர்கள் அவசியம் போக வேண்டும்.

மாட்டு வண்டித் தடத்தில் நடை. அறுவடை முடிந்து நெற்தாள் மட்டும் நிற்கும் வயல்கள். இங்கே மழைக்காலத்தில் 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆனாலும் பெரும்பாலான வயல்களில் நெல் ஒரு போகம்தான். நாலு மாதத்தில் பெய்வது அத்தனையும் ஓடிக் கடலில் விழுந்துவிடுகிறது. நெல் அறுத்த பின் நிலத்தில் தங்கியிருக்கும் ஈரத்தை நம்பியே மொச்சை விதைக்கிறார்கள். மராத்தியில் அதற்கு 'வால்' என்று பெயர். தை மாதம் காய் பிடித்து நிற்கும். சின்னமனூர் அம்மாள் குனிந்து ஒரு காயை உரித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்ம மொச்சைங்க!" என்றார். ஒரு மாதத்தில் அவர் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை என்று நண்பர் பிறகு சொன்னார்.

வழியில் வயல் மூலைகளில் வெட்டிய கிளைகளும் இலைச் சருகும் குவித்து வைத்திருந்தார்கள். விறகு என்று நினைத்தார் கோயம்புத்தூர் நண்பர். அது விறகல்ல. 'ராப்' என்று இங்கே ஒரு வழக்கம். கருமருது முதலான மரங்களின் கிளையைக் கழித்து, சாணம், சருகு, வைக்கோல் எல்லாம் நாற்றங்கால் இடத்தில் பரப்பி, மேலே மண் தூவிக் கோடையில் எரிப்பார்கள். களை விதை வெந்து போகும், சாம்பல் உரமாகும், முதல் மழையில் அதிலே நெல் விதைப்பார்கள். முகாதமின் நிலத்திலும் இரண்டு குவியல் இருந்தது. ஜனவரியிலேயே ஜூன் மழைக்கு வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான். பாறை மேல் உட்கார்ந்து எதிர் மலையைக் காட்டினேன். கூர்ந்து பார்த்தால் சரிவில் ஒரு கோடு. அங்கங்கே குகை வாய்கள். அதுதான் போர்காட் பாதை. 1863 ஏப்ரல் 21-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மலைக்குக் கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில். நடுவில் பல்லக்கும் மாட்டு வண்டியும். 15 மைல் சொச்ச தூரத்தில் 1830 அடி ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடிக்கு ஓர் அடி. ஒரு கட்டத்தில் 42,000 பேர் வேலை செய்திருக்கிறார்கள். காலராவில் மடிந்தவர்கள் ஏராளம். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-ல் இங்கு வந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, பொறியாளர்களை வைத்து நடத்தி முடித்தார். இந்தப் பாதையில் நடந்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. கணவனை இழந்த பிறகும் அந்த அம்மாள் வேலையை விடாமல் முடித்திருக்கிறார்!

இறங்கும் வண்டிகளுக்காக இங்கே கேட்ச் சைடிங் உண்டு. வண்டி நின்று, பிரேக் தன் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று காட்டினால்தான் மெயின் லைன் திறக்கும். கட்டுப்பாடு இழந்து வருகிற வண்டி மேட்டுப் பக்கமாக ஏறும் வழியில் போய் நின்றுவிடும். கோயம்புத்தூர் நண்பர், "நம்ம பசங்க கல்யாணத்துக்கு முன்னாடியும் ஒண்ணு வெச்சிருக்கலாம்" என்றார். அவர் மனைவி முறைத்தார்.

தண்ணீரைப் பற்றிய பேச்சும் வந்தது. சின்னமனூர் நண்பர் சில வருடம் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். பெரியாற்றுத் தண்ணீர் அவருக்குக் குலதெய்வம் மாதிரி. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆற்றை 1895-ல் பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "இங்கே அதற்கு நேர்மாறு நடந்திருக்கிறது" என்றேன். மலைக்கு மேலே ஆந்த்ரா என்று ஓர் ஆறு. அது இந்திராயணியில் சேர்ந்து, பீமாவில் கலந்து, கிருஷ்ணாவோடு வங்காள விரிகுடாவுக்குப் போக வேண்டியது. டாட்டா கம்பெனி அதை அணையில் தேக்கி, குழாய் வழியாக மேற்கே இறக்கி, 1922-ல் பிவ்புரியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் கர்ஜத்துக்குக் கீழே உல்லாஸில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கல்யாணில் எங்கள் குழாயில் வருவதும் உல்லாஸ் தண்ணீர்தான்.

நண்பர் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நீ நாப்பது வருஷமா நம்ம கடலுக்கு வர வேண்டிய தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கே" என்று சிரித்தார். திரும்பி நடக்கும்போது பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து, "மாப்ளே, உண்மையச் சொல்லு. இது உனக்கு ஊராயிடுச்சா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "கிலோமீட்டர் கணக்குல தண்டவாளத்தை வெல்டு வெச்சுப் போடுறோமே, வெயில் காலத்துல இரும்பு நீளப் பாக்கும். ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிச்சிருக்கிறதால நடுப்பாகம் நகராது. ரெண்டு முனையில மட்டும் அசைவு இருக்கும். அதுக்குன்னு அங்க தனியா ஒரு ஜாயிண்ட் வெச்சு இடம் விட்டிருப்போம். அந்த இடத்தைப் பராமரிக்காம விட்டா ஆபத்து."

"அப்ப வீட்டை விக்காதேங்கிறே."

"நான் தண்டவாளத்தைப் பத்திச் சொன்னேன்."

"ஆமா, நீ தண்டவாளத்தைத்தான் சொன்னே" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

வாசகர்களில் பலரும் இன்று அந்த மகளின் நிலையில் இருப்பவர்கள். பெற்றோரை ஊரில் தனியே விட்டு இரவு போன் மணி அடித்தாலே பயப்படும் கஷ்டம் எனக்கும் தெரியும். என் தாயார் விஷயத்தில் பட்டிருக்கிறேன். அவர்களை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டை விற்பதை முதல் வேலையாக வைக்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை. நாம் இருபது வயதில் டிரங்குப் பெட்டியோடு வந்தபோது பின்னால் ஒரு வீடு இருந்தது. வேலை பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்ற தைரியம்தான் நம்மை இங்கே ஓட்டியது. அறுபத்தைந்து வயதுக்காரரை மட்டும் அந்தத் தைரியம் இல்லாமல் புது ஊருக்கு வா என்கிறோம். வந்தபின் அவர் பால்கனியில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்க்கிறார், பேசமாட்டேன் என்கிறார் என்று குறைப்படுகிறோம்.

ஆறரை மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. முகாதம் தன் களத்தில் 'போப்டி'க்கு ஏற்பாடு செய்திருந்தார். ராய்கட் மாவட்டத்துக்கே உரிய குளிர்கால விருந்து இது. ஓட்டலில் கிடைப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். களத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஒரு மண்பானை. அடியில் 'பாம்புர்டா' என்ற களைச் செடியின் தழையைத் திணிக்கிறார்கள். ஒரு மாதிரி மருந்து வாசனை அடிக்கும் தழை. அதன் மேல் ஓமமும் உப்பும் பிசிறிய மொச்சைக் காய், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முட்டையும் கோழியும் வேண்டியவர்களுக்கு அதுவும் உண்டு. எங்களுக்காக இன்னொரு பானையைச் சைவமாகவே வைத்திருந்தார். வாயைத் தழையால் அடைத்து, பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சுற்றிலும் வைக்கோலும் சுள்ளியும் போட்டுக் கொளுத்துகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. காயும் தழையும் விடுகிற ஆவியிலேயே வேக வேண்டும். அரை மணி நேரம் கழித்து முகாதம் பானையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். 'சுர்' என்று உடனே வற்றியது. ஆயிற்று என்று பொருள்.

இதற்கிடையில் சின்னமனூர் அம்மாள் முகாதமின் மனைவியோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். இவருக்கு மராத்தி தெரியாது; அவருக்குத் தமிழ் தெரியாது. 'வால்' என்று அவர் ஒரு காயைக் காட்ட, 'மொச்சை' என்று இவர் சொல்ல, இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சம் பெரிய பேச்சானதும் என்னைத் துபாஷியாகக் கூப்பிட்டார்கள். முகாதமின் மகன் பன்வேலில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். அவனும் அப்பா அம்மாவை நிரந்தரமாக வந்துவிடச் சொல்கிறானாம்.

"போனீங்களா?" என்று இவர் கேட்கச் சொன்னார்.

அந்த அம்மாள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "போறோமே. வால் அறுத்து முடிச்சதும் போவோம். பேத்தியைப் பாத்துக்கிட்டு ரெண்டு மூணு மாசம் இருப்போம். ராப் கொளுத்துற நாள் வந்தா திரும்பிடுவோம். நடவுக்கு நான் இல்லாம முடியாது. மகனுக்குக் கோபம்தான். ஆனா கோபத்தோட அரிசி வாங்கிட்டுப் போக வருவான்."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தீ மட்டும் படபடத்தது. பிறகு சின்னமனூர் அம்மாள் கணவரைப் பார்க்காமல், கையிலிருந்த காயைப் பார்த்தபடியே சொன்னார்: "நாமளும் அப்படியே செஞ்சா என்னங்க? எனக்குப் பேரன் வேணும். வீடு போகணும்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"நீ சொல்லல. நானும் கேக்கல" என்றார் நண்பர்.

பானையைத் திறந்து சாக்கின் மேல் கொட்டினார்கள். எழுந்த ஆவியில் ஓமமும் அந்தத் தழையும் சேர்ந்து ஒரு மணம். தோலோடு வாயில் வைத்து இழுத்தால் பருப்பு மட்டும் வருகிறது. கூடவே அரிசி மாவு பாக்ரி, பூண்டுச் சட்னி, கோகம் சர்பத். "சாவ்காஷ்" என்றார் முகாதம். அவசரமில்லாமல் சாப்பிடுங்கள் என்று இங்கே விருந்தினருக்குச் சொல்லும் வார்த்தை.

ஏழு மணி சுமாருக்கு எதிர் மலையில் ஒரு விளக்கு வரிசை மெதுவாக ஏறியது. நடுவில் குகைக்குள் மறைந்து மறுபடி தோன்றியது. "டெக்கன் குவீன்" என்றோம் நானும் முகாதமும் ஒரே நேரத்தில். 1930 ஜூன் 1 முதல் ஓடுகிற வண்டி. பழக்கதோஷம், இருவரும் மணி பார்த்துக்கொண்டோம். எட்டு மணிக்கு ராஜ்மாச்சிப் பக்கம் நிலா எழும்பியபோது கோயம்புத்தூர் நண்பர் பழைய சினிமாப் பாட்டுகள் பாடத் தொடங்கியிருந்தார். மதுரை ஹாஸ்டலில் கேட்ட அதே குரல். அன்றும் சுருதி சேராது. முகாதமின் பேத்தி பன்வேலிலிருந்து வந்திருந்தாள். அவள் மட்டும் கைதட்டினாள். அன்றிரவு எல்லோரும் முகாதம் வீட்டுத் திண்ணையிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். குளிர் இருந்தது. வெகு நேரம் சின்னமனூர்த் தம்பதி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று கேட்கவில்லை, ஆனால் பேச்சு நின்றபாடில்லை.

மார்ச்சில் நண்பர் ஊரிலிருந்து போன் செய்தார். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டு, பின்னால் ஓர் அறையும் சமையலறையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஜூனில் புனே வந்து பொங்கலுக்கு முன் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. மகளுக்கு வருத்தம்தான், பெரிய ஃபிளாட் யோசனை தள்ளிப்போய்விட்டது. ஒரு மாதம் சரியாகப் பேசவில்லையாம். பிறகு அவளே இருவருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பினாள். இப்போது அவர் புனேயில் இருக்கும் மாதங்களில் விடியற்காலை கீழே இறங்கி, பக்கத்திலுள்ள குன்று வரை நடக்கிறார். அங்கே நடக்க வரும் மராத்திப் பெரியவர்கள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறார்களாம்.

போப்டி சாப்பிட விரும்புகிறவர்கள் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும். அதற்குப் பின் காய் முற்றிவிடும். ஆற்றங்கரைத் தடத்தில் விளக்கு கிடையாது, டார்ச் அவசியம். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்க வேண்டாம். மலையில் பெய்கிற மழை சொல்லாமல் வரும். வயலில் நடக்கும்போது வரப்பை விட்டு இறங்கி மொச்சையை மிதிக்காதீர்கள். சின்னமனூர் அம்மாள் முந்தானையில் ஒரு பிடி வால் விதை முடிந்துகொண்டு போனார். வீட்டுப் பின்புறத்தில் போட்டதில் கொடி நன்றாக ஏறியிருக்கிறது, ஆனால் காய் நம் மொச்சையைவிடச் சிறுத்துத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.